உப்பளத்து அக்காவுக்கு ஒரு வழவழப்பான முகம்

நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் நான் கெட்டேன். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், கறுப்புப் பலகை ஒன்றின்மேல் பேனாவை இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு இழுக்கிறாள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு முகம் வந்து உட்காருகிறது. கன்னம் வெண்ணெய் மாதிரி. மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். முடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்து, "ரொம்ப சிம்பிள் ஃபிரெண்ட்ஸ்" என்று சிரிக்கிறாள். எட்டு மணி நேர வேலையை வேகமாக ஓட்டி நாற்பது விநாடியாக்கியிருக்கிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பலகையை ஆர்டர் செய்திருப்பேனா?

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். டிசைனர் என்ற சொல்லைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். ஜெராக்ஸ் எடுப்பது, ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போடுவது, "பாண்டி பஸ் போயிடுச்சா?" என்று எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, இவற்றுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் போர்டு அடிப்பது. இதுதான் டிசைனர்.

போர்டுக்கு மக்கள் கொண்டுவரும் போட்டோக்கள் தனி ரகம். எட்டுப் பேர் கைமாறி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதில் மாப்பிள்ளை எது, பின்னால் நிற்கிற பைக் எது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். அதை மவுஸால் தேய்த்துத் தேய்த்து மனித முகமாக்க வேண்டும். மவுஸால் மீசை வரைவது அம்மிக்குழவியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவது மாதிரி. பதினோரு வருடம் போட்டிருக்கிறேன். எனவே பேனா மட்டும் கையில் கிடைத்துவிட்டால் நானும் வெண்ணெய்க் கன்னங்களை வரைந்து தள்ளிவிடுவேன் என்று மனதார நம்பினேன்.

பார்சல் வந்த அன்று கடை ஓனர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"டேப்லெட்ணா. கிராபிக்ஸ் டேப்லெட்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்த நகைச்சுவையை அவர் அந்த வாரம் முழுக்க, ஜெராக்ஸுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் தோன்றியது மாதிரி சிரித்தார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். சம்பளம் தருகிறவர் அல்லவா.

முதல் நாள் ஒரு நேர்கோடு போட்டேன். பேனா பலகைமேல் இருக்கிறது, கோடு திரையில் வருகிறது. கை எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தால் கோடு தன் இஷ்டத்துக்கு எங்கோ போய்விடுகிறது. நிமிர்ந்து கோட்டைப் பார்த்தால் கை பலகையை விட்டு மேஜைக்கே போய்விடுகிறது. பிறந்ததிலிருந்து என்னுடனேயே இருக்கிற கையும் கண்ணும், இதற்கு முன் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பதுபோல நடந்துகொண்டன. ஓனர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா ஈசிஜி?"

மறுநாள் முதல் யூடியூபில் குருமார்களைத் தேடினேன். ஒருவர், மணிக்கட்டை அசைக்காதே, தோளிலிருந்து வரை என்றார். தோளிலிருந்து வரைய இடம் வேண்டும். எனக்கு இடப்பக்கம் ஜெராக்ஸ் மிஷின், வலப்பக்கம் லேமினேஷன் மிஷின். குரு சொன்னபடி பெரிதாக ஒரு வட்டம் சுழற்றினேன். முழங்கை சூடான லேமினேஷன் மிஷினில் பட்டது. கலைக்காக நான் சிந்திய முதல் கண்ணீர் அது. இன்னொருவர், கோடு நடுங்கினால் கவலை வேண்டாம், வரைகிற ஆப்பிலேயே ஸ்டெபிலைசர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஏற்றிவிட்டால் கோடு தானாக வழவழப்பாகிவிடும் என்றார். எனக்குத் தெரிந்த ஸ்டெபிலைசர் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தூங்குவதுதான். இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்சமாக எதற்கு என்று நூறுக்கு ஏற்றினேன்.

உண்மையிலேயே வழவழப்பு வந்தது. ஆனால் கையை இழுத்து முடித்து, நிறுத்தி, மூச்சு விட்ட பிறகுதான் கோடு ஆடி அசைந்து பின்னால் வந்தது. மூக்கை முடித்துவிட்டேன் என்று நினைத்து உதட்டுக்குப் போனால் மூக்கு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் போராடி அதை இருபதுக்கு இறக்கினேன். நடுக்கம் திரும்பி வந்தது. பழகிய நடுக்கம் என்பதால் வரவேற்றேன்.

அடுத்தது வட்டம். நான் வட்டம் போட்டால் முட்டை வந்தது. சரி, என் கை லட்சணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு தினமும் நூறு வட்டம் போட்டேன். நூறு முட்டை வந்தது. முட்டைக்குள் கண், மூக்கு வைத்து முகம் வரைந்தேன். எல்லா முகமும் சுரைக்காயாக நீண்டது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் ஓனரையே வரைந்து காட்டினேன். தொப்பையும் தொங்குகன்னமுமாக இருக்கிற மனிதர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் எப்பம்மா பட்டினி கெடந்தேன்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

காரணம் என்னவென்று கடைசியில் தெரிந்தது. கடை மானிட்டர் பழைய காலத்துச் சதுர மானிட்டர். என் பலகை நீளவாக்கானது. இரண்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்று செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மாதமாக என் கையை நான் திட்டிக்கொண்டிருந்தது ஒரு டிக்குக்காக. டிக் போட்டேன். வட்டம் வட்டமாக வந்தது. கையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவும் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை.

வட்டம் வந்ததும் வழவழப்பு என்ற அடுத்த பைத்தியம் பிடித்தது. பஞ்சு மாதிரி ஒரு பிரஷ் இருக்கிறது. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் அதை வைத்துத் தேய்த்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். அந்தச் சுகத்தைக் கண்டபிறகு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. கன்னத்தைத் தேய்த்தேன், நெற்றியைத் தேய்த்தேன், மூக்கைத் தேய்த்துக் காணாமலேயே அடித்தேன். அந்த மாதம் மரக்காணத்தில் காதுகுத்து நடந்த குழந்தைகளும் அவர்களின் தாய்மாமன்களும் போர்டுகளில் அவித்த முட்டைகளாகச் சிரித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. "சூப்பரா இருக்குது, ஃபாரின் மாதிரி இருக்குது" என்றார்கள். எந்த ஃபாரினில் மனிதர்களுக்கு மூக்கு இல்லை என்று நான் கேட்கவில்லை.

யூ.எஸ்.பி. முனை மூன்றாம் மாதமே பச்சை பூத்தது. உப்புக் காற்றுக்கு இரும்பு, பித்தளை, வாரண்டி என்கிற பேதமெல்லாம் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து ஓட்டினேன். பேனா முனை தேய்ந்தது, மாற்றினேன். மெல்ல மெல்ல, எங்கே தேய்க்கக் கூடாது என்பதும் கொஞ்சம் பிடிபட்டது. கன்னம் கரையலாம், மூக்கின் ஓரமும் இமையும் கரையக் கூடாது. சின்ன பிரஷ்ஷால் நூறு முறை சொறிவதைவிடப் பெரிய பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தால் சுத்தமாக வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. வீடியோப் பெண் இதைத்தான் முதல் ஐந்து விநாடியில் செய்து காட்டியிருந்தாள். நான் அப்போது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரம், கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உப்பளத்தில் உப்பு வாருகிறவர் என்று பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்திருந்தது. மழையில் உப்பளம் மூடிவிட்டால் இவர்களுக்கு வேலை இருக்காது. ஜெராக்ஸுக்கு வந்திருப்பார் என்று கையை நீட்டினேன். அவர் எதையும் தரவில்லை.

"ஏம்மா, போன மாசம் எங்க செட்டுல ஒருத்தி போயிட்டாளே, அவ போர்டு நீதான அடிச்ச?"

"ஆமாக்கா."

"அது அவ மூஞ்சியே இல்ல."

"அவங்க வீட்ல ஆதார் கார்டு போட்டோதான்க்கா குடுத்தாங்க. வேற போட்டோ இல்லைன்னுட்டாங்க."

"ஆதார் கார்டுல யாரு மூஞ்சிதான் மூஞ்சியா இருக்குது? போலீஸ் புடிச்சிக்கினு போன மாதிரி இருந்தா." அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இருவது வருஷம் அவகூட நின்னு உப்பு வாரியிருக்கேன். எதிர்ல போர்டப் பாத்துட்டு, யாரோ பாவம்னு நெனச்சிக்கினு பஸ் ஏறி போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சி வேலைக்குப் போனப்போதான் சொல்றாங்க, அவதான்னு."

அந்த போர்டை நான் செய்து முடிக்க இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியதும் நினைவிருந்தது. நல்லதைச் செய்வதாகத்தான் நினைத்துச் செய்தேன்.

"அதான் வந்தேன்" என்றார் அக்கா. "எனக்கு இப்பவே வரைஞ்சி வெச்சிடு. நான் போனா எம் பசங்க அந்த ஆதார் கார்டத் தூக்கிக்கினு நேரா உங்கிட்டதான் ஓடியாருவானுங்க."

ஓனர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். கடை வரலாற்றில் கண்ணீர் அஞ்சலிக்கு அட்வான்ஸ் புக்கிங் இதுதான் முதல் முறை.

"போட்டோ ஒண்ணு எடுத்துட்டு, அதப் பாத்து வரையறேன்க்கா" என்றேன்.

"போட்டோன்னா மூஞ்ச இறுக்கிக்குவேன். நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன். நீ பாத்து வரை. மழைதானே, எனக்கு இன்னா வேலை?"

இப்படியாக, வட்டம் போடத் தெரிந்து நான்கே மாதமான எனக்கு உயிருள்ள ஆளை நேரில் பார்த்து வரையும் வாய்ப்பு வந்தது. மூன்று நாள், மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்தார். அந்த மூன்று நாளில் மரக்காணத்தில் எத்தனை கலை விமர்சகர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் "மூக்கு பெருசாப் போச்சே" என்றார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மழைக்கு ஒதுங்கி, "காது ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருக்குது பாரு" என்றார்கள். ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று "நிழல் தப்பு" என்று சொல்லிவிட்டு, விளக்கம் கேட்பதற்குள் சென்னை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சல்.

இரண்டாம் நாள் மாலை முகம் ஒரு மாதிரி முடிந்தது. ஒரு கோடுகூட நடுங்கவில்லை. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு நிழல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நானே அசந்துபோனேன். மானிட்டரை அக்கா பக்கம் திருப்பினேன்.

"யாரு இது?"

"நீங்கதான்க்கா."

"நானா?" திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "எம் மருமவகூட இவ்ளோ செவப்பு கெடையாதே."

போர்டுக் கடைப் பழக்கம். யார் வந்தாலும் கை தானாக இரண்டு மடங்கு வெளுத்துவிடும். வெட்கமாக இருந்தது. "கலர மாத்திடறேன்க்கா" என்றேன்.

"கலரு ஒண்ணும் தப்பில்ல, இருந்துட்டுப் போவட்டும்" என்று அவசரமாகத் தடுத்தார். "கழுத்துச் சுருக்கத்த எடுத்த பாரு, அது ரொம்ப நல்லா இருக்குது. மூக்குத்தி ஒண்ணு வெச்சிடு. எங்கம்மா போட்டது, தொலைஞ்சி போச்சி. கண்ணுதான் என்னுது இல்ல."

கண்ணைப் பெரிதாக வரைந்திருந்தேன். வீடியோப் பெண்ணின் முகங்களில் கண்கள் அப்படித்தான் இருக்கும், ஒவ்வொன்றும் பூரி அளவு.

"உப்பு மேல வெயில் அடிச்சா ஒரே வெள்ளையா இருக்கும்மா. கண்ணக் கூசும். சின்னப் புள்ளையிலேர்ந்து இப்டி இடுக்கிக்கினுதான் பாக்கறேன். முழுசாத் தொறந்து பாத்தது கல்யாணத்தன்னிக்கி ஒரு வாட்டி. அதுக்கப்புறம் எதுக்கு தொறந்தோம்னு ஆயிடுச்சி."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் முழுக்கக் கண்களுக்கே போனது. பஞ்சு பிரஷ்ஷை ஒதுக்கி வைத்தேன். ஸ்டெபிலைசரைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். இமை ஓரத்தில் மெல்லிய கோடுகள், வெளிமூலையில் விசிறி மாதிரி பிரிகிற சுருக்கங்கள், நடுவில் ஒரு கீற்றாக மட்டும் தெரிகிற கறுவிழி. எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்தேன், ஒரு கோடு போட்டேன், அழித்தேன், மறுபடி பார்த்தேன். அந்த ஏழு மாதத்தில் பலகை இருப்பது எனக்கு மறந்துபோனது அன்றைக்குத்தான். கை எங்கே இருக்கிறது என்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது மழை விட்டிருந்தது. டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. திரையில் இருந்தவர் என்னை இடுக்கிய கண்ணால் சந்தேகமாகப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரும்.

"தோ" என்றார் அக்கா. "இவள எனக்குத் தெரியும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவளா நான்? முந்தின இரவுதான் புதிதாக ஒரு பாடம் பார்த்திருந்தேன்: தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி முடி ஓரத்தில் ஒளிக்கீற்று இழுத்தால் முகம் எடுப்பாகத் தெரியுமாம். இழுத்தேன். எடுப்பாகத்தான் இருந்தது. இன்னும் எடுப்பாகட்டும் என்று தலையைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் பரப்பினேன். பின்னணி காலியாக இருந்ததால் நீல வானமும் இரண்டு மேகமும் வைத்தேன். பெரிய தாளில் பிரிண்ட் போட்டு, லேமினேஷனும் செய்து கொடுத்தேன். அக்கா அதைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு போய் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். அங்கேயே அது இருபது முப்பது வருடம் பத்திரமாக இருந்திருக்க வேண்டியது.

ஆனால் தை மாதம் அவருடைய சின்ன மகன் புது வீடு கட்டி முடித்தான். கிரகப்பிரவேசத்துக்கு போர்டு வேண்டும் என்று கடைக்கு வந்தான். "எங்கம்மாவ நீங்க வரைஞ்சீங்களாமே, அதயே பெருசாப் போட்டுடுங்க. அவங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தடி உயரத்தில் என் ஓவியம், அதுவும் ஈ.சி.ஆரில், பாண்டிச்சேரிக்குப் போகிற அத்தனை காரும் பார்க்கிற மாதிரி! எழுத்துகள் படத்தை மறைத்துவிடக் கூடாது என்று 'புதுமனை புகுவிழா, அனைவரும் வருக' என்பதை எல்லாம் சுருட்டிக் கீழே ஓரமாகத் தள்ளினேன். ஓனர் பார்த்துவிட்டு, "படம் ரொம்பப் பெருசா இல்ல?" என்றார். அவருக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் போர்டைக் கொண்டுபோய் ஊருக்குத் திரும்பும் முனையில் கட்டினார்கள். அந்த முனையில் வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி குவிந்து கிடந்தது. போர்டின் கீழ்ப்பகுதி ஜல்லிக்குப் பின்னால் மறைந்துகொண்டது. மிச்சம் வெளியே தெரிந்தது என்னவென்றால், நீல வானம், வெண்மேகம், தலையைச் சுற்றி ஒளிவட்டம், நடுவில் அக்கா. பத்தடியில்.

நம் ஊரில் போர்டில் ஒளிவட்டத்தோடு வானத்தில் மிதக்கிறவர்கள் மூன்றே வகை: சாமி, தலைவர், செத்துப்போனவர். அக்கா சாமியும் இல்லை, தலைவரும் இல்லை. பதினோரு வருடம் போர்டு அடிக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்று நான் போர்டு அடிக்கிறவளாக இல்லை, ஓவியராக இருந்தேன்.

பத்து மணிக்கு மேல் நடந்ததை அக்காவின் சின்ன மகன் போனில் சொல்லித்தான் கேட்டேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மறுநாள் விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நான்கு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் ரோஜா மாலையோடு இறங்கினார். அழுதபடி வாசல் வரை வந்தவர்கள், செத்துப்போனவர் கையில் வெங்காயத்தோடு நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றார்கள்.

"யாருடி போயிட்டா?" என்று அக்கா பதறிப்போய்க் கேட்டாராம்.

மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாராம்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று கூட்டம் வந்தது. மகன் ஓடிப்போய் ஜல்லியை வாரித் தள்ளுவதற்குள் உப்பளத்து ஆட்களில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓனரிடம் சொன்னேன். அவர், "மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டிருக்கலாம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கக்கா. அந்த வெளிச்சம் நான்தான்…"

"அதெல்லாம் வுடு" என்றார். "யாரு யாரு வந்தாங்கன்னு தெரியுமா உனக்கு?"

பட்டியல் சொன்னார். யார் நிஜமாக அழுதார்கள், யார் தண்ணீர் தொட்டுக்கொண்டு அழுதார்கள், யார் அழுதுகொண்டே புது வீட்டுக் கதவு தேக்கா வேம்பா என்று தட்டிப் பார்த்தார்கள், யார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் துல்லியமாக வைத்திருந்தார். சாகிறவர்களுக்குக் கிடைக்காத தகவல்கள் இவை. அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. ஒரு மாதிரி மினுமினுப்பாக இருந்தது, நான் தேய்க்காமலே.

கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "எந் தங்கச்சி வந்தாம்மா."

கீழ்புத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த தங்கையாம். ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. அம்மா சாவில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று வந்த சண்டை. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது போர்டைப் பார்த்து, ஓடும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தி, வழியிலேயே இறங்கி, செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"என்னப் பாத்ததும் கட்டிப்புடிச்சிக்கினு அழுதா. அப்புறம் உசுரோடதான் இருக்கறேன்னு புரிஞ்சதும், முதுகுல ரெண்டு அடி வெச்சா. 'இப்டியாடி பயமுறுத்துவ'ன்னா. ரெண்டு நாள் இருந்து வேலையெல்லாம் அவதான் செஞ்சா. நேத்து சாயந்தரம் போறப்போ மறுபடி சண்டை."

"எதுக்குக்கா?"

"மாலைக்கு எந்த பூ நல்லா இருக்கும்னு. நான் சம்பங்கின்னேன். அவ ரோஜாதான்னா. போடி, உன் சாவுக்கு நீ ரோஜா போட்டுக்கோன்னு சொல்லிட்டேன்." தலைப்பை உதறிக்கொண்டே, "நாளைக்கி போன் பண்ணுவா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தப்பால் ஒரு நல்லது நடந்துவிட்டது என்பதற்காக அது தப்பில்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் அன்று மாலை வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

அதன் பிறகு உப்பளத்திலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். போன மாதம் மட்டும் ஐந்து பேரை வரைந்தேன். இப்போது என் கோடு அவ்வளவாக நடுங்குவதில்லை. நடுங்குகிற இடத்தில் கன்னமென்றால் தேய்க்கிறேன், கண்ணென்றால் விட்டுவிடுகிறேன். ஒளிவட்டம் மட்டும் வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வருகிறவர்கள் முகம் சுண்டிப்போகிறது. "அவளுக்கு மட்டும் வெச்ச, எனக்கு வெச்சா ஆவாதா?" என்று கேட்காதவர் இல்லை. ஒருவர், தன் மருமகள் அழுவாளா மாட்டாளா என்று பார்க்க வேண்டும், அதற்காகவாவது வை என்று கெஞ்சினார். ஓனர் அவருக்காக என்னிடம் சிபாரிசு செய்தார்.

போன வாரம் அக்கா தங்கையோடு வந்தார். இரண்டு பேரையும் ஒரே படத்தில் வரைய வேண்டுமாம். யார் வலப்பக்கம், யார் இடப்பக்கம் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் முடிவு செய்யட்டும் என்று டூத் பிரஷ்ஷை எடுத்து யூ.எஸ்.பி. முனையைத் துடைக்க ஆரம்பித்தேன்.